மூடியை எந்தப் பக்கம் திறப்பது

மே 27, திங்கள்

காலை நாடி 70. மாலை 68. காய்ச்சல் இல்லை. தையல் போட்ட இடம் காய்ந்திருக்கிறது.

டாக்டர் எழுதிவரச் சொன்னது இவ்வளவுதான். ஆனால் கடையில் இருநூறு பக்க நோட்டுதான் இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கைக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி எந்த மூலைக்கு? மீதி இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதப்போகிறேன். ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் எண்களை மட்டும் வாசித்துவிட்டு நோட்டை மூடிவிடுவேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்தின் இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்திருக்கிறார்கள். இதயம் துடிக்க மறந்தால் அது ஞாபகப்படுத்துமாம். இவர் போக்குவரத்துக் கழகத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊரு பஸ்ஸுக்கெல்லாம் நான் நேரம் சொன்னேன். இப்ப எனக்கே ஒரு டைம்கீப்பர வச்சிட்டாங்க" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியில்தான்.

ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. கனம் தூக்கக்கூடாது. செல்போனை இடது சட்டைப் பையில் வைக்கக்கூடாது. இவையெல்லாம் ஆஸ்பத்திரி விதிகள். நான் சேர்த்த விதி ஒன்று உண்டு. அவர் சமையலறைக்குள் கால் வைக்கக்கூடாது. ஏனென்றால் மைக்ரோவேவ் அங்கேதான் இருக்கிறது. மே 19 மத்தியானம் அதன் கதவைத் திறந்த கையோடுதான் அவர் விழுந்தார்.

வீட்டுச் சாமான்களில் மைக்ரோவேவால் ஆபத்து இல்லை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளை அச்சடித்தவர் மே 19 அன்று எங்கள் சமையலறையில் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின்மேல் பழைய வேட்டியைப் போட்டு மூடிவிட்டேன்.

மே 28, செவ்வாய்

நாடி 72, 70. புனேயிலிருந்து மகள் லோசனி போன் செய்தாள். "அம்மா, அது நான் வாங்கிக் குடுத்ததும்மா" என்றாள். அதனால்தான் உடைக்காமல் மூடி மட்டும் வைத்திருக்கிறேன் என்றேன்.

மே 30, வியாழன்

நாடி 68, 71.

பதினொரு மணிக்குள் மூன்று காபி கேட்டார். மூன்றும் கொடுத்தேன். குளித்த ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார். எடுத்துக் கொடியில் காயப்போட்டேன். டி.வி.யை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா வடிவு, ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீங்க படுங்க."

"இல்ல, ஒரு மாதிரியா இருக்க."

சீக்காளியிடம் அன்பாக இருப்பது ஒரு மாதிரியா?

ஜூன் 2, ஞாயிறு

நாடி 70, 70.

ஓய்வுபெற்ற ஆசிரியைகள் குழுவில் ஒரு செய்தி வந்தது. மைக்ரோவேவ் நின்ற உடனே கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் கதிர்கள் முகத்தில் பாயுமாம். இதய நோயாளிகள் பத்தடி தள்ளி நிற்க வேண்டுமாம். கடைசியில் 'பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்றிருந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது நிரூபணம் இல்லாமல் விடை எழுதினால் நான் சுழித்து விடுவேன். இதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன். நம்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்படியானால் எல்லாம் இந்தப் பெட்டியால்தான்.

ஜூன் 4, செவ்வாய்

நாடி 69, 70. மிளகு ரசம் கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டருக்குப் பதிவு செய்வது அவர் சோலி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாருக்கு அந்த ஞாபகம்? வெள்ளிக்கிழமைதான் வருமாம்.

ஜூன் 5, புதன்

நாடி 70, 72.

காலையில் எதிர்வீட்டு ரெஜினா வீட்டு அடுப்பில் சோறும் குழம்பும் செய்து எடுத்துவந்தேன். மத்தியானத்துக்குள் ஆறிவிட்டது. "ஆறிப்போன சோத்தத் திங்கதுக்கா உசுரு பொழச்சு வந்தேன்?" என்றார். வேறு வழியில்லை. வேட்டியை எடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி வேலைக்குச் சேர்த்தேன்.

சும்மா சேர்க்கவில்லை. முதலில் அவரை வாசல் பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். சோற்றைக் கண்ணாடி டப்பாவில் போட்டு, கதிர் உணவுக்குள் இறங்காதபடி மூடியின் நாலு பக்கக் கிளிப்பையும் அழுத்திப் பூட்டினேன். பெட்டி ஓடும்போது நான் சமையலறைக்கு வெளியே நின்றேன். மணி அடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கதவை இழுத்து, டப்பாவைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். ஒரு நிமிஷம்தான் வைத்தேன். சோறு வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"ஏன் இப்பிடி வேர்த்து வடியுது ஒனக்கு?" என்று கேட்டார். புழுக்கம் என்றேன்.

ஜூன் 6, வியாழன்

நாடி எடுக்கவில்லை. வலது மணிக்கட்டில் ஆவி அடித்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், என் எழுத்து எனக்கே புரியவில்லை. அதைவிட, அவர் இடது கையைத் தூக்கிவிட்டார். நாளைக்குக் காலை ஆஸ்பத்திரி.

ஜூன் 7, வெள்ளி

நாடி 72. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர் வைத்த இடத்திலேயே இருக்கிறது, அசையவில்லை. தையலும் நன்றாக ஆறியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்தோம். இவ்வளவு இனிப்பான இளநீரை நான் குடித்ததில்லை.

ஜூன் 8, சனி

நாடி 70, 69. சிலிண்டரும் வந்துவிட்டது. இப்போது வலது கையால் எழுத முடிகிறது. வியாழக்கிழமை நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முந்தின நாள் சோறு சரியாகச் சூடாகவில்லை என்று அன்றைக்குக் குழம்பை நாலு நிமிஷம் வைத்தேன். அதே டப்பா. அதே நாலு கிளிப். மணி அடித்ததும் அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்து, சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தேன். அவர் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பசி, வெரசாப் போடு என்றார். டப்பாவுக்குள் கதிர் மிச்சமிருந்தால் என்மேல் படட்டும், அவர்மேல் படவேண்டாம் என்று மூடியை என் பக்கமாகத் திருப்பி வைத்தேன். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கிளிப்பை விடுவித்தேன்.

மூன்றாவது கிளிப்பில் மூடி துள்ளியது. வெள்ளையாக ஆவி சீறிக்கொண்டு வந்து மணிக்கட்டில் அடித்தது. குழம்பு மேஜையெல்லாம் தெறித்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு கை. இடது கை அவர் தோளுக்கு மேலே போயிருந்தது.

"கை, கை" என்றேன்.

"ஆமாளா, கைதான். வா."

"என் கை இல்ல. ஒங்க கை."

அவர் காதில் வாங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்து மணிக்கட்டைத் தண்ணீரில் பிடித்தார். பேஸ்ட் தடவலாம் என்றேன். இட்லி மாவு தடவலாம் என்றேன். "ஒரு எளவும் தடவக்கூடாது. தண்ணி மட்டுந்தான்" என்று சொல்லி, தோல் வீங்குவதற்கு முன் சோப்புப் போட்டு வளையலை மெதுவாகக் கழற்றினார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிஷம் என் கையைக் குழாயடியில் பிடித்திருந்தார். பத்தொன்பதாவது நிமிஷத்தில் போதும் என்று கெஞ்சினேன். டைம்கீப்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், அந்தப் பெட்டி கதவைத் திறந்தபடி இருந்தது. அதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவே இல்லை.

கையில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு உட்காரவைத்துக் கேட்டார். "அத எதுக்கு இப்பிடி இறுக்கிப் பூட்டுன?"

கதிர் இறங்கக் கூடாது என்று பூட்டியதைச் சொன்னேன்.

"டிப்போவுல எத்தன டிரைவரப் பாத்திருக்கேன் தெரியுமா? வண்டி கொதிச்சு நிக்கும். எறங்கி, சூட்டோட சூடா ரேடியேட்டர் மூடியத் தெறப்பான். மூஞ்சி வெந்து ஆஸ்பத்திரிக்குப் போவான். நீ செஞ்சது அதான். கணக்கு டீச்சரு, கோட்டிக்காரி மாதிரி செஞ்சிருக்க."

"சரி" என்றேன்.

"என்ன சரி? ஒன்னையக் கோட்டிக்காரி, பைத்தியக்காரின்னு சொல்லுதேன், சரிங்கியே."

மணிக்கட்டில் ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு கொப்புளம்தான் வந்திருக்கிறது. முகத்தில் அடித்திருந்தால் கண் போயிருக்கும் என்று ரெஜினா சொன்னாள். அவர் தட்டு ஒரு ஜாண் தள்ளியிருந்தது. நான் மூடியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தால் அவர் முகம். நினைக்கவே வேண்டாம், நடக்கவில்லை.

ஜூன் 12, புதன்

நாடி 70, 71.

எனக்குத் தெரியாமல் மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறார். சாகுல் என்று பெயர், டவுனில் கடை வைத்திருக்கிறார். கதவைத் திறந்து மூடி, கீலை ஆட்டி, ஓரத்து ரப்பரில் விரல் ஓட்டிப் பார்த்தார். நெளிவு இல்லை, கதவு சரியாகப் பொருந்துகிறது, ஓரத்தில் எண்ணெய் மட்டும் படியவிடாமல் துடையுங்கள் என்றார். கதவு சரியாக மூடாத பெட்டியை மட்டும் ஓட்டவே கூடாதாம். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து ஓடவிட்டு, நடுவிலேயே கதவைத் திறந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"பயப்படாதீங்கம்மா. கதவத் தொறந்தா சுவிட்ச் ஆஃப் ஆயிரும். லைட்டு அணைச்சா வெளிச்சம் ரூமுக்குள்ளயேவா தங்கும்? அதே மாதிரிதான். கதிர் ஒண்ணும் மிச்சம் இருக்காது. சோத்துலயும் ஏறி உக்காராது."

"பொறவு என் கையில அடிச்சது?"

"அது வெறும் ஆவி. அதுக்கு சுவிட்ச் கெடையாதும்மா."

மூடியை இறுக்காமல் சும்மா வைக்கச் சொன்னார். மணி அடித்ததும் அவசரப்படாமல் ஒரு நிமிஷம் விட்டுத் திறக்கவேண்டும். மூடியை எடுக்கும்போது முதலில் நமக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தைத் தூக்கினால் ஆவி அந்தப் பக்கம் போய்விடும். வெறும் தண்ணீரை ரொம்ப நேரம் வைத்தால் அசையாமல் சாதுவாக இருக்குமாம், எடுத்து ஒரு ஸ்பூன் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்குமாம். அதனால் டம்ளரையும் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் தொட வேண்டும்.

"சாருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு" என்றேன் கடைசியாக.

"எங்க வாப்பாவுக்கும் இருக்கும்மா. டெய்லி அவங்கதான் எனக்கு டீ சூடு பண்ணித் தாராங்க."

ஜூன் 13, வியாழன்

நாடி 70, 70.

சாகுல் சொன்ன பிறகு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்னும் கனத்துவிட்டது. பெட்டிமேல் குற்றம் இல்லையென்றால் வேறு யார்மேல் என்ற கேள்வி வருகிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 17, திங்கள்

நாடி 71, 69. கொப்புளம் வற்றிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம். இங்கேயும் காற்று குளிர்ந்திருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

நாடி 70, 72.

லோசனி போன் செய்தாள். "அப்பா ஒன்னயப் பத்திக் கம்ப்ளைண்ட் பண்றாங்கம்மா" என்றாள். நான் அவரைத் திட்டுவதே இல்லையாம். உப்புக் கூடிப்போச்சு என்று தட்டை நகர்த்தினால் உடனே எழுந்து வேறு செய்து தருகிறேனாம். டாக்டர் தன்னிடம் மறைத்து என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், தனக்கு நாள் நெருங்கிவிட்டது, அதனால்தான் இவள் இப்படிக் குழைகிறாள் என்று நினைத்துக்கொண்டு மனுஷன் தூக்கமில்லாமல் கிடக்கிறாராம்.

"அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றேன்.

"அப்போ நீ ஏன் திட்ட மாட்டேங்க?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

நாடி 70, 70.

எழுதிவிடுகிறேன். டாக்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப்போவதில்லை.

மே 19 ஞாயிற்றுக்கிழமை. கூட்டாஞ்சோறு செய்திருந்தேன். அது சூடாகச் சாப்பிட வேண்டிய பதார்த்தம். பன்னிரண்டரைக்கு இலை போடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பழைய சிநேகிதர்களோடு பேச அவர் தினமும் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். அன்றைக்கு வந்து சேரும்போது இரண்டு மணி. முகம் வெளுத்து, சட்டையெல்லாம் மண்ணாக இருந்தது. எங்கே போனீர்கள் என்றேன். "பேசிக்கிட்டு இருந்ததுல நேரம் போனதே தெரியல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாமோ சொன்னேன். பஸ்ஸுக்கெல்லாம் நேரம் பார்க்கத் தெரியும், பெண்டாட்டி பசியோடு காத்திருப்பாள் என்று பார்க்கத் தெரியாதா என்றேன். அந்த பஸ் ஸ்டாண்டிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. "வேணும்னா நீங்களே சூடு பண்ணித் தின்னுங்க. நான் செத்தாலும் இனி எந்திரிச்சு வரமாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் விழுந்த சத்தம்.

நான் எழுந்து அந்தச் சோற்றைச் சூடாக்கிப் போட்டிருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். பேசாமல் இருந்திருந்தாலும் விழுந்திருக்க மாட்டார். வாய்க்கு வந்ததைப் பேசிப் பேசியே ஒரு மனுஷன் நெஞ்சை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் அந்த ஆறு நாளும் ஒரே வேண்டுதல்தான். இவர் எழுந்து வந்தால் போதும், இந்த வாயை இனித் திறக்கமாட்டேன். எழுந்து வந்துவிட்டார். நான் வாக்கைக் காப்பாற்றுகிறேன். அதைப்போய் அவர் சாவுக்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

ஜூலை 2, செவ்வாய்

நாடி 70, 70. நாளைக்கு ஆறு வாரப் பரிசோதனை.

ஜூலை 3, புதன்

காலை நாடி 70.

டாக்டர் ஒரு வட்டமான கருவியை அவர் நெஞ்சின்மேல் வைத்து, திரையில் கோடுகளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பேட்டரி பத்து வருஷம் வரும், இனிக் கையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார். இவர் அங்கேயே இடது கையை உயரத் தூக்கி ஆட்டிக் காட்டினார். நான் எண்களை வாசித்தேன். டாக்டர் தலையாட்டினார். நோட்டை மூடினேன். எழுந்து வந்திருக்கலாம்.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்பட்டுச் சண்ட போட்டா ஒருத்தருக்கு இப்படி ஆகுமா?"

"யார் சண்ட போட்டா?"

"நான். அன்னைக்கு மத்தியானம். ரொம்பப் பேசிட்டேன். அப்புறந்தான் விழுந்தாங்க."

இவர் என் பக்கம் திரும்பினார். டாக்டர் கேஸ் ஷீட்டைப் பின்னால் புரட்டினார்.

"அம்மா, இதயத்துக்குள்ள மின்சாரம் போற பாதை கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சிருக்கு. சண்டையால ஒரு நாள்ல வர்றது இல்ல. இவருக்கு இது அன்னைக்குத் தொடங்கவும் இல்லையே. பிப்ரவரியில ரெண்டு தடவ மயக்கம், ஏப்ரல்ல ஒரு தடவ. மே 19 அன்னைக்கே மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல படுத்திருந்திருக்கார். ஐ.சி.யூ.வுல அவரே சொன்னது, எழுதியிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இல்லை. நான் காரணம் இல்லை. ஆறு வாரமாக நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்த கல்லை யாரோ பொசுக்கென்று அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மருந்துக் கடை வரிசை வரைக்கும் நடந்தேன். அங்கே நின்றேன்.

"பிப்ரவரியில விழுந்தீங்களா?"

"அது சும்மா லேசாத் தல சுத்திச்சு..."

"நாலு தடவ விழுந்த மனுஷன் பெண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லல. பேசிக்கிட்டு இருந்ததுல நேரம் போனது தெரியலயா? தரையில கெடந்துட்டு வந்து வாய் கூசாம பொய் சொல்லுதீங்க. முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், நான் என்ன பக்கத்து சீட்டுப் பாசஞ்சரா? நாந்தான் ஒங்களக் கொன்னேன்னு ஆறு வாரமா அரைச் சாப்பாடு சாப்பிடுதேன். ஒண்ணுந்தெரியாத பெட்டிக்கு வேட்டியைக் கட்டி மூடி வச்சேன். என் கைய வேக வச்சேன். நீங்க என்னடான்னா மூணு காபி கேட்டுக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ், "அம்மா, சத்தம்" என்றாள். நான் நிறுத்தவில்லை. சைக்கிளைப் பற்றி, சிநேகிதர்களைப் பற்றி, அவர் அம்மாவழிப் பிடிவாதத்தைப் பற்றி, ஆறு வாரப் பாக்கி முழுவதையும் பேசி முடித்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் மழையில் நனைகிற பிள்ளை மாதிரி இருந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"நீ திட்டுதல்லா. டாக்டர் கெடு வச்சிருந்தா இப்படித் திட்டுவியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும். சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சா சைக்கிளப் பூட்டிருவேல்லா."

"பூட்டத்தான் செய்வேன்."

"அதான்." மருந்துச் சீட்டை நாலாக மடித்தார். "பயமா இருந்துச்சு வடிவு. சொன்னா நெசமாயிரும்னு பயம். ஆனா ஒண்ணு கேட்டுக்க. நாந்தான் காரணம், நாந்தான் காரணம்னு நெனச்சியே, அன்னைக்கு நீ சண்ட போட்டதாலதான் நான் இங்கன உக்காந்திருக்கேன்."

"என்ன சொல்லுதீங்க?"

"மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா நீ எப்படித் தூங்குவ? கூரை இடிஞ்சு விழுந்தாலும் நாலு மணிக்கு முன்ன எந்திரிப்பியா? அன்னைக்கு நீ கோவத்துல தூங்கல. இந்த மனுஷன் நெசமாவே சூடு பண்ணித் திங்காரா, இல்ல வந்து கெஞ்சுவாரான்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்த. நான் விழுந்த சத்தத்துக்கு அடுத்த நிமிஷம் வந்து நின்ன. நல்லா பேசிச் சிரிச்சு சோத்தப் போட்டுட்டு நீ தூங்கியிருந்தேன்னு வையி. நான் அந்தத் தரையிலேயே முடிஞ்சிருப்பேன்."

அவர் விழுந்தது இரண்டு பத்து. ரெஜினா மகன் காரில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியது இரண்டு முப்பத்திரண்டு. நான் வழக்கமாக எழுந்திருப்பது நாலு. பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அவர் சொன்ன விடைதான் வந்தது.

ஜூலை 4, வியாழன்

காலை நாடி 70.

மத்தியானம் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, சாகுல் சொன்னதை ஒரு முறை செய்து காட்டச் சொன்னேன். மூடியைத் தளர வைத்தார். மணி அடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் விட்டார். கதவைத் திறந்து, மூடியின் அந்தப் பக்கத்து ஓரத்தை முதலில் தூக்கினார். ஆவி சுவரைப் பார்த்துப் போனது. "பாஸா?" என்றார். பாஸ் என்றேன். சைக்கிள் சாவியை மட்டும் இன்னும் தரவில்லை. அதற்கு டாக்டர் எழுதித் தரட்டும்.

சாப்பிட்டதும் கண் சொக்கியது. மே 19க்குப் பிறகு நான் பகலில் கண் மூடியதில்லை, அவர் எங்கே நடக்கிறார், எங்கே நிற்கிறார் என்று காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். இன்றைக்குத் தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

எழுந்தபோது நாலேகால். கட்டிலோரத்து முக்காலியில் எனக்குக் காபி இருந்தது, ஆடை படிந்து, பாதி ஆறி. எப்போது வைத்தீர்கள் என்று கேட்டேன். மூணே முக்காலுக்கு என்றார். மைக்ரோவேவில் சூடு பண்ணினாராம். மணி அடித்ததோ, கதவு திறந்ததோ எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.